உமாராணி கணினியை மாற்றச் சம்மதித்தது

தூத்துக்குடிக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையில் உமாராணிக்கு வேண்டாதவர்கள் யார் யார் என்று விசாரித்தால், வேண்டியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், நாங்களும் தெரிந்துகொள்கிறோம் என்பார்கள். ஊர் அவளுக்கு வைத்திருந்த பெயர் மனு உமாராணி. பதினான்கு வருஷத்தில் அறுநூறு மனுவுக்கு மேல் எழுதியிருந்தாள். துறைமுகத்துக்குப் போகிற லாரிகள் பள்ளிக்கூட நேரத்தில் ஊருக்குள் நுழைந்ததற்கு எழுதினாள். அம்மன் கோயில் கொடை விழாவுக்குப் பரீட்சைக் காலத்தில் ஒலிபெருக்கி கட்டியதற்கும் எழுதினாள். அந்த வருஷம் சொந்தக் கொழுந்தன் வீட்டுக் கல்யாணத்துக்கே அவளுக்குப் பத்திரிகை வரவில்லை. அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. மண்டபத்தின் கழிவுநீர் எங்கே போகிறது என்று கேட்டு ஒரு மனு மட்டும் போட்டாள்.

எல்லா மனுவும் ஒரே கணினியில் அடித்தவை. தூத்துக்குடி டூவிபுரத்தில் ஒரு தட்டச்சுப் பள்ளியில் பத்தொன்பது வருஷம் சொல்லிக் கொடுத்தவள் அவள். இரண்டாயிரத்துப் பதினொன்றில் பள்ளியை மூடியபோது அதன் உரிமையாளர் அங்கே இருந்த ஒரே கணினியை அவளுக்குக் கொடுத்துவிட்டார். அதில் விண்டோஸ் ஏழு இருந்தது. தமிழ் அடிக்க, பழைய தட்டச்சுப் பொறியின் விசை வரிசையிலேயே ஒரு செயலி இருந்தது. விசைப்பலகையைப் பார்க்காமல், எதிரே நிற்பவரை முறைத்துக்கொண்டே உமாராணி அதில் ஒரு பக்கத்தை முடித்துவிடுவாள்.

அவள் கணவர் சிவனணைந்தபெருமாள் மெயின் ரோட்டில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். வீட்டின் பின்பக்கம் அரிசி, பருப்பு அடுக்க ஒரு கிட்டங்கி கட்டியிருந்தார். அவருக்கும் அவளுக்கும் பேச்சு குறைந்தது இரண்டாயிரத்து இருபத்து மூன்று டிசம்பர் வெள்ளத்தில். மேற்கே குளம் உடைந்து, காலையில் தெருவுக்குள் தண்ணீர் இடுப்பளவு வந்தது. அவர் கிட்டங்கிக் கதவைப் பிடித்துக்கொண்டு, "ஏளா, மூட்டைக்கு ஒரு கை குடு," என்று கத்தினார். அவள் கணினியைச் சேலையில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தாள். அரிசி முழுக்க ஊறிப் புளித்துப்போனது. "மூட்டைய விட்டுட்டுப் பொட்டியத் தூக்கினவ," என்று அவர் கடைக்கு வருகிற எல்லாரிடமும் சொன்னார். அவளிடம் மட்டும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவளிடம் அவர் சொல்வதெல்லாம் சாப்பாட்டைப் பற்றியும் கரண்ட்டைப் பற்றியும்தான்.

தண்ணீர் வடிந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, இந்தத் தண்ணீர் முன்னே எந்த வழியாகப் போனது என்பது. தெருவுக்குப் பின்னால் ஓர் ஓடை இருந்ததாகப் பலர் சொன்னார்கள். அதன் மேல் இப்போது மனை போட்டு விற்றிருந்தார்கள். எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்பதற்கு ஆளுக்கொரு கை காட்டினார்கள். பழைய நில அளவை வரைபடத்தின் நகல் வேண்டுமென்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டாள். கிடைக்கவில்லை. மேல்முறையீடு செய்தாள், மறுபடியும் செய்தாள். ஒன்றரை வருஷம் கழித்துத் தகவல் ஆணையத்திலிருந்து விசாரணைக்குத் தேதி வந்தது. சென்னைக்குப் போக வேண்டாம், காணொளியிலேயே ஆஜராகலாம் என்று இணைப்பை மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார்கள்.

அன்று காலை பத்து மணிக்கே தலை சீவி, கஞ்சி போட்ட சேலை கட்டி, வழக்குக் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு அவள் கணினி முன்னால் உட்கார்ந்தாள். இணைப்பை அழுத்தினாள். திரை வெள்ளையானது. நடுவில் ஒரு வட்டம் சுற்றியது. பிறகு, இந்த உலாவி பழையது, இதில் திறக்க முடியாது என்று ஒரு வரி வந்தது. அணைத்துப் போட்டாள். அதே வரி. அவளிடம் இருந்தது பட்டன் போன். கடைக்கு ஓடினாள்.

"உங்க போன அரை மணி நேரம் தாங்க. விசாரணைக்கு."

சிவனணைந்தபெருமாள் தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஒன் கேசுக்கு என் போன் கெடையாது."

கடையில் நின்ற இரண்டு பெண்கள் புளியைப் பார்ப்பது போல நின்றார்கள். உமாராணி திரும்பி நடந்தாள். ஒரு வாரத்தில் உத்தரவு வந்தது: மனுதாரர் ஆஜராகவில்லை. அறுநூறு மனுவில் ஒருமுறைகூட அவள் அடுத்தவர்கள் சொன்ன நேரத்துக்குப் பிந்திப் போனதில்லை. அந்த ஒற்றை வரியை அவள் எத்தனை முறை படித்தாளோ. பிறகு, கணினிக் கோளாறால் வர முடியவில்லை, இன்னொரு வாய்ப்பு வேண்டும் என்று எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். அக்டோபரில் ஒரு தேதி கொடுத்தார்கள்.

இனி கணினி விஷயத்தில் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். கோயம்புத்தூரில் இருக்கிற மகள் சண்முகப்ரியா போனில் ஒரே பேச்சாகச் சொன்னாள்: "அதத் தூக்கிப் போட்டுட்டுப் புது லேப்டாப் வாங்கும்மா. இல்லன்னா அந்தக் கேச விடு. எனக்கு ரெண்டாவதுதான் நல்லதாத் தெரியுது." உமாராணி போனை வைத்துவிட்டாள்.

தூத்துக்குடியில் கணினி பழுது பார்க்கும் கிங்ஸ்டனிடம் பஸ் ஏறிப் போனாள். அவன் அவள் சொன்னதைப் பாதி கேட்டான். "விண்டோஸ் பத்து போட்டுத் தாரேன், ஒரு மணி நேர வேல. லைசென்ஸ் எல்லாம் கேக்காதீங்க, நம்மகிட்ட கிராக் இருக்கு. ஆனா உங்க பழைய டைப்பிங் அதுல வராது. போன்ல அடிக்க மாதிரி இங்கிலீஷ்ல அடிச்சா தமிழ் வந்திரும், பழகிக்கிடுங்க."

"திருட்டுச் சரக்கப் போட்டு நான் இன்னொருத்தனக் கேள்வி கேக்கணுமா?" என்றாள் உமாராணி.

"ஊர்ல எல்லாரும் அதத்தான் போடுதாங்க."

"எல்லாருங்கது யாரு யாரு? பேரு சொல்லு." கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தாள். கிங்ஸ்டன் வேறு வேலையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டான்.

பஸ்ஸில் வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் யோசித்தாள். அம்மா என்கிற சொல்லைக்கூட ஆங்கில எழுத்தில் அடித்து, அது தமிழாகி வரும் வரை காத்திருக்க வேண்டும். பத்தொன்பது வருஷம் மற்றவர்களுக்குக் கற்றுக் கொடுத்த விரல்கள், இனி ஒற்றை விரலால் கொத்திக்கொண்டிருக்க வேண்டும். அவளுக்கு அவமானமாக இருந்தது. வாங்கியவரையும் விற்றவரையும் கேட்காமல், ஓடுகிற ஒன்றைச் செத்துவிட்டது என்று யாரோ எங்கேயோ உட்கார்ந்து அறிவிக்கிறார்கள். யார் மேல் எழுதுவது என்று தெரியாத ஒரு மனு அவள் தொண்டையில் நின்றது.

மிச்சம் இருந்தது ஒரே ஆள். அடுத்த வீட்டு இசக்கிராஜா.

அவன் வீட்டு முன்னறையிலேயே ஆன்லைன் சென்டர் வைத்திருந்தான். ஜெராக்ஸ், ஆதார் திருத்தம், கம்ப்யூட்டர் சர்வீஸ் எல்லாம் உண்டு. ஒரு காலத்தில் அவளை அக்கா என்று கூப்பிட்டவன். ஆறு வருஷத்துக்கு முன்னால் தெருவோரச் சாக்கடை வாறுகாலை மூடிக் கடைக்குச் சிமெண்டுப் படி கட்டினான். அவள் மனுப் போட்டாள். ஜேசிபி வந்து படியை இடித்துப் போட்டது. அன்றிலிருந்து அவனுக்கு அவள் மேடம். அவனுடைய பெயர்ப்பலகை ரோட்டுக்கு நீட்டிக்கொண்டிருப்பது பற்றி இன்னொரு மனு நிலுவையில் இருந்தது.

அவள் கடைக்குள் நுழைந்ததும் அவன் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை.

"என்ன மேடம், போர்ட அளக்க வந்தீயளா?"

"சிஸ்டத்தப் பத்திக் கேக்க வந்தேன்."

"தூத்துக்குடியில ஆளே இல்லையா?"

"இருக்கான். திருட்டு விண்டோஸ் போட்டுத் தாரேங்கான். நீயும் அதத்தான் போடுதியா?"

"ஆமான்னு சொன்னா எழுதி வச்சுக்கிட்டுப் போயி மனுப் போடுவீய. இல்லன்னு சொன்னா நம்ப மாட்டீய. வேற என்ன வேணும்?"

விசாரணை போன கதையைச் சொன்னாள். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். பிறகு மேஜை மேல் விரலைத் தட்டிக்கொண்டே சொன்னான்: "ஏழு செத்து அஞ்சு வருசம் ஆச்சு. பத்து இந்த அக்டோபரோட முடியுது. பதினொண்ணு உங்க சிஸ்டத்துல ஏறாது, பிராசசர் அம்புட்டுப் பழசு. காசு குடுத்துப் பத்து வாங்கிப் போட்டாலும் ஒரு வருசத்துல திரும்ப இங்கன வந்து நிப்பீய. லினக்ஸ் போடலாம். அது இனாம். திருட்டு இல்ல."

"இனாம்னா யாரு குடுக்கா?"

"உலகம் பூரா ஆளுக சேந்து எழுதுதாங்க. யாருக்கும் சொந்தமில்ல."

"யாருக்கும் சொந்தமில்லன்னா, கெட்டுப்போனா யாரு மேல மனுப் போட?"

இசக்கிராஜாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான். "மொதல்ல அந்த போர்டு மனுவ வாபஸ் வாங்குங்க. பெறகு பேசுவோம்."

"போர்டுக்கும் சிஸ்டத்துக்கும் சம்பந்தமில்ல." அவள் வாசல் பக்கம் திரும்பிவிட்டாள். "டைப்ரைட்டர் கீபோர்டு எதுலயும் வராதாமே. ஒன்னால மட்டும் என்ன செய்ய முடியும்."

"வராதுன்னு எவன் சொன்னான்?"

அவன் தன் கணினியில் எதையோ தேடித் தட்டினான். நாற்காலியை அவள் பக்கம் காலால் தள்ளினான். உமாராணி உட்காராமல், நின்றுகொண்டே குனிந்து விரல்களை வைத்தாள். அனுப்புநர் என்று அடித்தாள். அனுப்புநர் என்றே வந்தது. பெறுநர், பொருள், பார்வை. விரல்கள் தாமாக ஓடின. அரைப் பக்கம் அடித்தபோதுதான் இடுப்பு வலித்தது.

நம்பிப் போன இடத்திலெல்லாம் அரைகுறையாகச் சொல்லியிருந்தார்கள். உண்மையைச் சொன்னவன் இவனாக இருந்தது அவளுக்குப் பிடிக்கவே இல்லை.

"எதுக்கு எனக்கு இவ்வளவு சொல்லுத?" என்று கேட்டாள்.

"உங்களுக்காக இல்ல. வெள்ளத்துல எனக்கும் மூணு சிஸ்டம், ரெண்டு பிரிண்டர் போச்சு. அந்த ஓட எங்கன இருந்துச்சுன்னு எனக்கும் தெரியணும். வரைபடம் வந்தா ஒரு காப்பி எனக்குத் தரணும்."

"யோசிச்சுச் சொல்லுதேன்."

நான்கு நாள் யோசித்தாள். புது முறையைப் பற்றிய பயம் போய்விட்டது. அந்த அறுநூறு மனுவையும் அவன் கையில் கொடுப்பது பற்றித்தான் பயம். அதில் பாதி அவனுக்குத் தெரிந்தவர்கள் மேல் எழுதியது. ஒரு விசையைத் தட்டினால் எல்லாம் போய்விடும். தெரியாமல் அழிந்துவிட்டது என்று அவன் சொன்னால் யாரிடம் நிரூபிப்பது? மாற்றாமல் இருந்தால் எல்லாம் பத்திரமாக இருக்கும். ஆனால் அடுத்த தேதியிலும் மனுதாரர் ஆஜராகவில்லை என்று எழுதுவார்கள். பத்திரமாக வைத்திருந்து என்ன செய்ய? ஐந்தாம் நாள் காலை அவன் கடை வாசலில் போய் நின்றாள்.

"என் வீட்டுல வச்சு, என் கண்ணு முன்னாடி செய்யணும். பழைய டிஸ்க்க அழிக்கக் கூடாது. கழட்டி என் கையில தரணும். புது டிஸ்க்குல போடு."

"என்னைய நம்பல?"

"நம்பல."

"நானும் உங்கள நம்பல. பழைய டிஸ்க்க நல்லபடியா வாங்கிக்கிட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்க. நாளைக்கு என் மேல திருப்பக் கூடாது."

ஞாயிற்றுக்கிழமை காலை அவன் பையோடு வந்தான். கூடத்தில் இட்லி தின்றுகொண்டிருந்த சிவனணைந்தபெருமாள், அவனைப் பார்த்ததும் பாதியில் கையைக் கழுவிவிட்டுக் கடைக்குக் கிளம்பினார். போகும்போது அவனிடம், "ஏலே, ஒனக்கு வேற சோலி இல்லையா?" என்றார். படியைப் பறிகொடுத்தவனே வீட்டுக்கு வந்துவிட்டான், அரிசி போன கோபம் அவருக்கு இன்னும் தீரவில்லை என்று உமாராணி நினைத்துக்கொண்டாள்.

மூன்று மணி நேரம் வேலை நடந்தது. அவள் ஒரு ஸ்டூலைப் போட்டு அவன் தோளுக்குப் பின்னால் உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் என்ன, ஏன் என்று கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் அவன் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொன்னான். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள், வேண்டாம் என்றான். பழைய கோப்புகளை நகலெடுத்துப் புதியதில் திறந்தபோது முதலில் எழுத்தெல்லாம் கோணல் குறிகளாக வந்தது. உமாராணி எழுந்து நின்றுவிட்டாள். அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் பழைய எழுத்துருவைக் கொண்டுவந்து போட்டான். மனுக்கள் படிக்கும்படி ஆயின. கண்ணில் பட்டது அவன் படியைப் பற்றிய மனு. இருவருமே அதைப் படித்தார்கள். அவன் அதை மூடினான். பழைய டிஸ்க்கை அவள் கையில் கொடுத்துவிட்டு, கையெழுத்தான காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனான்.

அக்டோபர் விசாரணையில் இணைப்பு முதல் தட்டிலேயே திறந்தது. பன்னிரண்டு நிமிஷம் பேசினாள். பதினைந்து நாளில் வரைபடத்தைக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவானது. பதினெட்டாம் நாள் மின்னஞ்சலில் வந்தது.

பழைய தாளை அப்படியே ஸ்கேன் செய்திருந்தார்கள். திரையில் பெரிதாக்கிக்கொண்டே போனாள். மேற்கே குளத்திலிருந்து இரண்டு கோடுகளாக ஓடை புறப்பட்டது. இப்போது மனை போட்டிருக்கிற இடத்தின் நடுவே போனது. அவள் எதிர்பார்த்ததுதான். அங்கிருந்து வளைந்து அவர்கள் தெருவின் பின்பக்கமாக வந்தது. சர்வே எண்ணைப் பார்த்தாள். வீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தாள். டேப்பை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போய் அளந்தாள். கிட்டங்கியின் முக்கால்வாசி ஓடைக்குள் நின்றது.

மத்தியானம் சாப்பிட வந்த கணவருக்குச் சோறு வைத்துவிட்டு எதிரே நின்றாள்.

"கிட்டங்கி கட்டும்போது அங்கன என்ன இருந்துச்சு?"

"முள்ளுக் கெடந்துச்சு."

"முள்ளு மட்டுந்தானா?"

அவர் குழம்பை ஊற்றிப் பிசைந்தார். "ஓடன்னா தண்ணி ஓடணும். அன்னைக்கு ஒரு சொட்டுகூட ஓடல."

"தெரிஞ்சுதான் கட்டியிருக்கீய."

"ஊரே கட்டுச்சு. நானும் கட்டினேன். நீ அந்த வரைபடத்தக் கேட்டு எழுதுன அன்னைக்கே தெரியும், இத நம்ம வீட்டு வாசல்ல கொண்டாந்து நிறுத்தாம ஓய மாட்டன்னு."

"போனு குடுக்காதது அதுக்குத்தானா?"

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். அரிசிக்காகத்தான் கோபம் என்று இரண்டு வருஷம் அவள் நம்பிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் குற்ற உணர்ச்சியும் வைத்திருந்தாள். அது இப்போது எங்கே போனதென்று தெரியவில்லை. அந்த இடத்தில் கோபம் மட்டும் இருந்தது. அவர் எழுந்து கை கழுவினார். அன்று இரவிலிருந்து கடையிலேயே சாப்பிட்டுவிட்டு வரத் தொடங்கினார்.

இரண்டு நாள் அவள் ஒன்றும் அடிக்கவில்லை. மூன்றாம் நாள், சொன்ன சொல்லுக்காக வரைபடத்தின் பிரதியை இசக்கிராஜாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். விரலால் கோட்டைத் தொட்டுக்கொண்டே வந்தான்.

"உங்க கிட்டங்கியும் வருதே மேடம்."

"வருது."

"அத விட்டுட்டு மத்ததுக்கு மட்டும் எழுதலாம். யாரும் கேக்க மாட்டாவ."

"நீ கேப்ப."

அவன் காகிதத்தை மடித்தான். "கேப்பேன்."

அன்று மாலை அவள் உட்கார்ந்து அடித்தாள். மனைகளின் எண்களை வரிசையாக எழுதினாள். ஓடையின் நீளம், அகலம், அடைபட்ட இடங்கள் எல்லாம் எழுதினாள். கடைசியில், மனுதாரரின் கணவருக்குச் சொந்தமான கிட்டங்கியும் மேற்படி ஓடையில் உள்ளது, அதையும் அகற்ற வேண்டும் என்று ஒரு வரி. அந்த வரியை அடிக்க மற்ற மூன்று பக்கத்தைவிட அதிக நேரமானது. இரண்டு முறை அழித்தாள். மூன்றாம் முறை அழிக்காமல் அச்சுக்குக் கொடுத்துவிட்டாள்.

தை பிறந்த பிறகு தாலுகா ஆபீஸிலிருந்து அளக்க வந்தார்கள். மனை விற்றவர்கள் அதற்குள் நீதிமன்றத்தில் தடை வாங்கியிருந்தார்கள். ஆகவே அங்கே யாரும் கை வைக்கவில்லை. கிட்டங்கிச் சுவரில் மட்டும் சிவப்புப் பெயிண்டால் குறி போட்டுவிட்டுப் போனார்கள். தெரு முழுவதும் வேடிக்கை பார்த்தது. சண்முகப்ரியா போனில் அழுதாள். "அப்பா மேலயே மனுப் போட்டிருக்க. பெரியவங்கள ஒண்ணும் செய்ய முடியல, அப்பா சுவர்தான் ஒனக்கு அகப்பட்டுச்சு."

"தடைய எதுத்தும் எழுதிக்கிட்டுதான் இருக்கேன்," என்றாள் உமாராணி.

"அதுக்குள்ள அப்பா உயிர எடுத்துருவ." மகள் போனை வைத்துவிட்டாள்.

ஜேசிபி வந்து ஊர் முன்னால் இடிக்க வேண்டாம் என்று சிவனணைந்தபெருமாள் தானே ஆள் வைத்தார். புன்னைக்காயலிலிருந்து கொத்தனார் சிலுவை இரண்டு பேரோடு வந்து, ஓடுகளை இறக்கிச் சுவரைத் தட்டத் தொடங்கினார். சிவனணைந்தபெருமாள் ஒரு சாக்கை விரித்து, எடுக்கிற கதவையும் ஜன்னலையும் அதில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"நல்ல கட்டடமால்லா இருக்கு," என்றார் சிலுவை. "எந்தப் பாவி அண்ணாச்சி எழுதிக் குடுத்தது?"

சிவனணைந்தபெருமாள் வீட்டுப் பக்கம் தாடையை நீட்டினார். பின்வாசலில் உமாராணி நின்றுகொண்டிருந்தாள்.

"நாந்தான் குடுத்தேன்," என்றாள். "அஸ்திவாரத்தோட எடுங்க. பாதியில விட்டா திரும்ப அளக்க வருவாவ."

சிலுவை அவளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கடப்பாரையை எடுத்தார். உமாராணி உள்ளே போனாள். தடையுத்தரவை எதிர்த்த பதில் மனு திரையில் பாதியில் நின்றது. சுவர் விழுகிற சத்தம் கேட்கிற பக்கத்து ஜன்னலை அவள் சாத்தவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நான்காவது பத்தியை அடிக்க ஆரம்பித்தாள்.